பெரட்டுக்கு வந்த கடல்

கடல் மட்டத்திலிருந்து மூவாயிரத்து ஐந்நூறு அடி உயரத்தில், பசறைக்கு மேலேயுள்ள தோட்டத்தில், தேயிலைக்கு நடுவே மழைநீர் ஓட வெட்டிய கான்களில் நண்டு பிடித்துத்தான் ரெங்கசாமி மகளின் பரிச விருந்தைச் சமைத்தார்கள். நண்டு சற்றுச் சிறியது. மற்றபடி குறை சொல்வதற்கில்லை.

ரெங்கசாமி ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை. காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்புவதிலேயே ஆயுள் போனது. அவர் கூப்பிட்டு வராத ஆள் கிடையாது. காய்ச்சல்காரன் கம்பளியோடு வந்து நின்றிருக்கிறான். ஒருநாள் ஞாபகப்பிசகாகச் செத்துப்போன கங்காணியின் பேரைக் கூப்பிட்டுவிட, அவரும் வந்து வரிசையில் நின்றுவிட்டுத்தான் போனார். மகள் நிஷாந்தினி அயர்லாந்தில் தாதி. அவள் விரும்பிய பையனின் தகப்பன் மார்ட்டீன் மீன்பிடிகாரர். காரியமான பேச்சை ஐரிஷ் மொழியில்தான் பேசுவார், அதுவும் கடல் சத்தம் காதில் விழும் இடத்தில் மட்டும். ரெங்கசாமியோ, பரிசம் பெண் வீட்டில்தான், வாக்கு இவர் வாயிலிருந்து அவர் காதுக்குத்தான், நடுவில் ஒருவன் மொழிபெயர்த்தால் அது அவன் கொடுத்த வாக்காகிவிடும் என்று ஒரே பிடியில் நின்றார். "ரெண்டு பேருல ஒருத்தராச்சும் எறங்கி வாங்கப்பா," என்றாள் நிஷாந்தினி, கைபேசித் திரையில் முகத்தைக் காட்டாமல். "இல்லாட்டி நீங்க யாருமே இல்லாம நாங்க போயி கையெழுத்துப் போட்டுக்குவோம்." அன்று ரெங்கசாமிக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் ஐரிஷ் கற்றுத்தரும் செயலியை இறக்கிக்கொண்டார்.

தோட்டத்தில் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது பெரட்டுக் களத்தில்தான். விடியற்காலையில் அங்கே போய் நின்று, செயலி சொல்லச் சொன்னதையெல்லாம் பழைய பெரட்டுக் குரலிலேயே சொன்னார். வேறு குரல் அவரிடம் இல்லை. ஒன்று, அரை, பெயர், வீடு என்று பாடம் நகர்ந்தது. 'பூனை' வந்த அன்று ஏழு லயத்து வீடுகளின் பூனைகளும் வந்து வால் சுருட்டி உட்கார்ந்தன. அது ஒன்றும் பெரிய விஷயமாகப் பேசப்படவில்லை. பிறகு 'ஃபாரிகெ' வந்தது. கடல் என்று அர்த்தம். மூன்று தரம் கூப்பிட்டார். கடல் எட்டரைக்குத்தான், மொனராகலைப் பக்கமிருந்து பசறை வளைவுகளில் பஸ்ஸைப் போல மூச்சிரைக்க ஏறி வந்து, கீழ்மலை ஓரமாக நின்றது. பிந்தி வந்ததால் அதற்கு அரைப்பேர், அதாவது அரைநாள் கூலிதான் போட்டார். மறுநாளிலிருந்து ஆறு மணிக்கெல்லாம் ஆஜர். கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் சுற்றிய படங்கை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிக்கொண்டார்கள். கொழுந்தில் லேசாக உப்பேறியது. தோட்டத்துத் துரை அலைக்குத் தோதாகக் கொழுந்து நிறுக்கும் நேரத்தை மாற்றிவைத்தார்.

பதுளைக் கடைவீதியில் கருவாடு விற்கும் மர்ஸூக் ஹாஜியார் ஒருவர்தான் நம்பவில்லை. ரெங்கசாமி கொண்டுபோய்க் காட்டிய மீனை மோந்துபார்த்துவிட்டு, "கணக்கப்பிள்ள, இது பொத்துவில் கடக்கர மீன். மொனராகலை பஸ்ஸுல வந்தத எனக்கே காட்ட வாறீங்களா?" என்றார். பரிசத்துக்கு வந்து கண்ணால் பாருங்கள் என்று ரெங்கசாமி அழைத்துவிட்டு வந்தார்.

நல்ல நேரம் ஞாயிற்றுக்கிழமையில் அமைந்தது. அங்கேதான் தவறு. ஞாயிறன்று தோட்டத்தில் பெரட்டு இல்லை என்பதைக் கடலும் அதற்குள் கற்றுக்கொண்டிருந்தது. மார்ட்டீன் மகனோடும் நிஷாந்தினியோடும் வந்து பாயில் உட்கார்ந்தார். ரெங்கசாமியின் மனைவி ஜெயலெட்சுமி தட்டில் தேங்காய் பழம் வைத்தாள். மார்ட்டீன் காதைச் சாய்த்துக் கேட்டார், காகம்தான் கத்தியது. மரியாதையாகத் தலையை ஆட்டி எழுந்துகொண்டார். நிஷாந்தினி தகப்பனைப் பார்த்தாள். ரெங்கசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெரட்டுக் களத்துக்கு ஓடினார். நல்ல நேரம் முடியக் கொஞ்சமே இருந்தது. கூப்பிட்டார், அசைவில்லை. லீவு நாளில் வேலைக்கு வருபவர்களுக்கு ஒன்றரைப் பேர் போடுவது தோட்டத்து வழக்கம். செயலியில் படித்த 'ஒன்று', 'அரை', 'பெயர்' மூன்றையும் சேர்த்துக் கத்தினார். கடல் ஓடி வந்தது. வந்த வேகத்தில் வாசல்படி ஏறி, கழற்றிவிட்ட செருப்புகளையெல்லாம் வாரிக்கொண்டு பின்வாங்கியது. மார்ட்டீன் திரும்ப உட்கார்ந்தார்.

பெண்ணைத் தருகிறேன் என்று சொல்லச் செயலி இன்னும் கற்றுத்தந்திருக்கவில்லை. ரெங்கசாமி படித்ததை வைத்தே ஒப்பேற்றினார்: கடல் உங்களுடையது, வீடு என்னுடையது, பிள்ளைகள் நம்முடையவர்கள். மார்ட்டீன் கடைசிச் சொற்களை இரண்டு தரம் திருப்பிச் சொல்லித் தட்டை வாங்கிக்கொண்டார். கல்யாணம் அந்தத் தையிலேயே நடந்தது. கடலும் ஒன்றரைப் பேரோடு கணக்கு முடித்துக்கொண்டு சம்பந்தியோடு போய்விட்டது.

பரிசத்துக்கு வந்துவிட்டு வெறுங்காலோடு பஸ் ஏறிய மர்ஸூக் ஹாஜியார், தோட்டத்துத் தண்ணீர்த்தொட்டி உடைந்ததென்றே மாதக்கணக்கில் சாதித்தார். ஒருநாள் ரெங்கசாமி கடைக்கு வந்து, சம்பந்தி அனுப்பிய படத்தைக் காட்டினார். அயர்லாந்துக் கடற்கரை, கறுப்புப் பாறை, அதன்மேல் ஒற்றைச் செருப்பு. அறுந்த வாரில் கருவாட்டுச் சாக்கு தைக்கும் நீல நூலால் தையல். ஹாஜியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"தையல் நான் போட்டதுதான். மீன் யாவாரம் செய்றவன், பொய் சொல்ல ஏலா. கடல் வந்திச்சி," என்றார். "மத்தச் செருப்பையும் தேடிப் பாக்கச் சொல்லுங்க."