இடது தோள்

அவர்கள் போனது ரயிலிலா பேருந்திலா என்பதில் எனக்கு இப்போது சந்தேகம். இந்தக் கதையைக் கேட்டு வெகுகாலமாகிவிட்டது, மறந்த இடங்களில் நானே ஒட்டுப்போட்டிருக்கவும் கூடும். ரயில் என்றே வைத்துக்கொள்வோம். சன்னலோரம் தையற்காரன், எதிரே அவன் அண்ணி. அவள் மடியில் அண்ணனின் பழைய புகைப்படம், உறையோடு.

முந்தைய நாள் வெளியூர்ப் போலீஸிலிருந்து தொலைபேசி வந்திருந்தது. ஆற்றிலிருந்து ஓர் உடலை எடுத்திருக்கிறோம், வயதும் உயரமும் ஒத்துப்போகின்றன, வந்து பார்த்துச் சொல்லுங்கள் என்று. அண்ணன் காணாமல்போய் ஒன்பது வருடம்.

ஏன் போனான் என்பது தையற்காரனுக்கு மட்டும் தெரியும். அண்ணன் ஒரு கோட்டுத் துணியைக் கோணலாக வெட்டிவிட்டான் என்று, தம்பியான இவன் கடையில் வைத்து "போய்த் தொலை" என்றான். அண்ணன் யார் சொன்ன பேச்சையும் தட்டாதவன். போனான், தொலைந்தும் போனான்.

"தம்பி, மச்சம் எந்தக் கன்னத்துல?"

"வலதுல."

"இடதுல. பதினோரு வருஷம் குடித்தனம் பண்ணினவ நான்."

"அப்ப என்னை எதுக்கு அண்ணி கேக்கறீங்க? படத்துல பாருங்களேன்."

"படத்துல ஒருபக்கமா சாஞ்சு நிக்கறாரு, ஒரு கன்னம்தான் தெரியுது. உங்கண்ணன் என்னைக்கு நேரா நின்னாரு?"

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அண்ணனுக்கு இடது தோள் அரை அங்குலம் இறக்கம். அதற்குத் தோதாக அவன் சட்டைகளை இறக்கித் தைத்தவன் தம்பிதான். முகம் மங்கிவிட்டது, அரை அங்குலம் மறக்கவில்லை.

கடையில் இருந்தவரை, தேடிப் போகாததற்கு வேலை மும்முரம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். கையில் துணியில்லாமல் ஆறு மணி நேரம் உட்கார்ந்ததில் விஷயம் பிடிபட்டுப்போயிற்று. அண்ணனாக இருக்கக் கூடாது என்று அவன் மனம் வேண்டவில்லை. அண்ணனாகவே இருந்துவிட வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டு வந்தது. உயிரோடு திரும்பினால் அந்த இரண்டு சொல்லும் கூடவே வீட்டுக்குள் வந்துவிடும்.

பிணவறைக்கு வெளியே பெஞ்சில் அண்ணியை உட்காரவைத்துவிட்டு அவன் மட்டும் உள்ளே போனான்.

"முகத்தைப் பார்க்காதீங்க சார், பிரயோஜனமில்லை. தண்ணியில கிடந்தது," என்றார் ஊழியர். "வேற அடையாளம் உண்டா?"

சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்தான்.

"டெய்லரா? கொடுத்துவச்ச தொழில். இங்க தைச்சா யாரும் ஆல்டரேஷன் கேட்டு வரமாட்டாங்க."

அவன் குனிந்து தோள்களில் டேப்பை வைத்தான். அளந்தான். இரண்டு தோளும் ஒரே மட்டம். மறுபடி அளந்தான். ஒரே மட்டம். இதுவரை நிற்கிறவர்களுக்குத்தான் அவன் அளவெடுத்திருக்கிறான். படுத்தால் தோள் மட்டமாகிவிடுமோ என்னவோ. ஆகலாம் என்றது மனம். ஆகாது என்பது கைக்குத் தெரிந்திருந்தது.

வெளியே வந்தபோது அண்ணி எழுந்திருக்கவில்லை.

"தோளைப் பாத்தியா?"

"பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

"சரியா இருந்துச்சு அண்ணி."

கோணல் இல்லை என்று அர்த்தம். அண்ணன்தான் என்றும் அர்த்தம். இன்னொரு கேள்வி கேட்டால் உடைத்துச் சொல்லிவிடுவது என்று நின்றான். அவள் புகைப்பட உறையின் ஓரத்தை நகத்தால் நீவிக்கொண்டே இருந்தாள். சுவர்க் கடிகாரத்தில் பெரிய முள் ஒரு கட்டம் நகர்ந்தது, இன்னொரு கட்டம் நகர்ந்தது.

"அப்ப கையெழுத்துப் போட்டுடு," என்றாள்.

போட்டான்.

அந்த உடலை அண்ணன் பெயரில் அந்த ஊரிலேயே அடக்கம் செய்தார்கள். அதற்கு உரியவர்கள் யாராவது பிறகு தேடி வந்தார்களா என்பது தெரியாது. அண்ணி, ஒன்பது வருடம் தாழிடாத வாசல் கதவைப் பூட்டிச் சாவியைத் தையற்காரனிடம் கொடுத்துவிட்டு, தங்கை வீட்டோடு போய்விட்டாள். தையற்காரன் இன்னும் தைக்கிறான். அளவுச் சட்டை கொண்டுவந்தால்தான் துணியை வாங்குவான். ஆள்மேல் டேப் வைப்பதில்லை. அண்ணன் வரவில்லை.