தோளில் இருந்தவள்

பதினாறு பக்கங்கள் கொண்ட மூன்றாவது பாரம் அச்சில் ஓடிக்கொண்டிருந்தபோது அவள் மெஷினை நிறுத்திவிட்டாள்.

அச்சகத்தில் எல்லாரும் அவளை மெஷின் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருஷமாக அந்த நாலு கலர் மெஷின் அவள் சொன்னபடி கேட்டு வந்திருக்கிறது. பேப்பர் சிக்கினாலோ கரண்ட் போனாலோ தவிர நடுவில் நிறுத்துகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. அதனால், கடகடவென்ற சத்தம் சட்டென்று அடங்கியதும் முதலாளி கண்ணாடி அறையிலிருந்து எழுந்தே வந்துவிட்டார்.

"என்னம்மா, பேப்பர் மாட்டிக்கிச்சா?"

அவள் மை காயாத பெரிய தாள் ஒன்றை மேஜைமேல் விரித்துப் போட்டு, குனிந்து படித்துக்கொண்டிருந்தாள்.

ஊர்க் கால்பந்து அணியின் ரசிகர் சங்கத்துக்கு ஐம்பது வயசு ஆகிறது. அதற்கு ஒரு மலர் போடுகிறார்கள். அதில் நடுப்பக்கங்களுக்கு 'நான் பார்த்த முதல் ஆட்டம்' என்று தலைப்பு. காலையிலிருந்து அவள் அதைத் துண்டு துண்டாகப் படித்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். மதில் ஏறிக் குதித்ததில் கால்சட்டை கிழிந்து, ஆட்டம் முடியும்வரை உட்காரவே இல்லை என்று ஒரு பேக்கரிக்காரர் எழுதியிருந்தார். பாதி ஆட்டம் வரைக்கும் எதிரணியை நம் அணி என்று நினைத்துக் கை தட்டியதாக ஒரு நர்ஸ் எழுதியிருந்தார். நல்லாத்தான் எழுதறாங்க என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த பக்கத்தில் தம்பியின் போட்டோ பல்லைக் காட்டியது.

அவளுக்கு ஒரே தம்பி. ஒரு வயசுதான் இளையவன். பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று ஒலிபெருக்கியில் சொல்கிற வேலை. அதனால் ஊரில் அவனுக்குப் பெயர் மைக். வேலை முடிந்த பிறகும் வாய் ஓயாது என்பதும் அந்தப் பெயருக்கு ஒரு காரணம்.

மைக் எழுதியிருந்தது இது:

'எனக்கு அப்போது எட்டு வயது. அரையிறுதி ஆட்டம், கொட்டுகிற மழை. நெரிசலில் என் வலது கால் செருப்பு சேற்றோடு போய்விட்டது. அப்பா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். கடைசி நிமிஷத்தில் நாங்கள் ஒட்டகம் என்று அழைக்கும் நெட்டை ஆட்டக்காரர் எகிறி முட்டினார். பந்து ஈரத்துணி மாதிரி வலையில் போய் ஒட்டிக்கொண்டது. ஒரு நொடி அங்கேயே இருந்துவிட்டு, வழிந்து இறங்கியது.'

அவளுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. மறுபடி படித்தாள். ஈரத்துணி. வழிந்து இறங்கியது.

"திருட்டுப் பயலே" என்றாள்.

முதலாளி ஒரு அடி பின்னால் போனார். "யாரை?"

"உங்களை இல்ல சார். இந்தப் பாரம் ஓடாது."

"ஓடாதுன்னா? இன்னும் ரெண்டாயிரம் தாள் இருக்கு. நாளைக்கு மடிச்சுத் தைக்கணும். சங்கத்துக்காரங்க என் கழுத்தைப் பிடிப்பாங்கம்மா."

"அவங்களையும் வரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அவள் தம்பிக்கு போன் போட்டாள். "எங்க இருக்கே? இன்னும் கால் மணி நேரத்துல அச்சகத்துல நிக்கணும். கேள்வி எல்லாம் கேக்காதே. வா."

அவன் வருவதற்குள் அவள் மூன்று தடவை கை கழுவினாள். மை போனது, கோபம் போகவில்லை.

முப்பத்தாறு வருஷத்துக்கு முந்தைய அந்த நாளை அவள் ஒரு நாளும் மறந்ததில்லை. அப்பா வாங்கி வைத்திருந்தது இரண்டு டிக்கெட், தனக்கும் தம்பிக்கும். அன்றைக்குப் பார்த்துத் தம்பிக்குப் பொன்னுக்கு வீங்கி. கன்னம் இரண்டும் பன் மாதிரி உப்பி, கழுத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு படுத்திருந்தான். டிக்கெட் வீணாகிறதே என்று அப்பா அவளைப் பார்த்தார். தம்பியின் சட்டையைப் போட்டுவிட்டார். முடியைச் சுருட்டித் தொப்பிக்குள் திணித்தார். சைக்கிளின் முன்கம்பியில் அவளை உட்கார வைத்துக்கொண்டு, "உள்ளே போனா உன்னை டேய்னுதான் கூப்பிடுவேன், சரியா?" என்றார். விளையாட்டு என்று நினைத்து அவள் சிரித்தாள்.

செருப்பு போனது அவளுக்கு. தோளில் இருந்தது அவள். அடுத்த வாரம் தம்பிக்கு வீக்கம் வடிந்தது. சைக்கிள் கம்பியில் ஒருவருக்குத்தான் இடம். "நானும் வரேம்பா" என்று அவள் வாசல்வரை ஓடினாள். "அதான் தம்பி இருக்கான்ல" என்று சொல்லிவிட்டு அப்பா மிதித்துப் போய்விட்டார். அதற்குப் பிறகு எத்தனையோ ஆட்டங்கள். அவளை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடாத இடத்துக்குப் போவானேன் என்று அவளும் வீம்பாக இருந்துவிட்டாள். வீட்டு டிவியில் பார்த்தாள், ஆட்டக்காரர் பெயரெல்லாம் மனப்பாடம், ஆனால் மைதானத்து வாசலை மிதிக்கவில்லை.

தம்பி வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தான். பின்னாலேயே சங்கத்துச் செயலாளர் வந்தார். ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர், அப்பாவின் பழைய கூட்டாளி, எழுபது வயசுக்கு மேல்.

"என்னக்கா, யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

அவள் தாளை அவன் நெஞ்சில் வைத்து அழுத்தினாள். வெள்ளைச் சட்டையில் மை பூசிக்கொண்டது. "படி. சத்தமா. ஊருக்கே பஸ் நம்பர் படிக்கிற வாய்தானே?"

அவன் படித்தான். நாலு வரி போவதற்குள் குரல் இறங்கிவிட்டது.

"அன்னிக்கு நீ எங்கடா இருந்தே?"

"அக்கா, அது..."

"எங்க இருந்தே?"

"வீட்ல."

"என்ன பண்ணிட்டு இருந்தே?"

"பொன்னுக்கு வீங்கி" என்றான், தரையைப் பார்த்து.

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமுவது மாதிரி மறைத்துக்கொண்டார்.

"என் செருப்பு, என் கோலு. போகட்டும். அந்த ஈரத்துணி யாரு சொன்ன வார்த்தை தெரியுமா? ஒன்பது வயசுல நான் சொன்ன வார்த்தைடா அது. அதைக்கூட விட்டு வைக்கலையா நீ?"

"நான் எடுக்கலைக்கா" என்றான் தம்பி. "அப்பாதான் அப்படிச் சொல்வார்."

"அப்பா எப்படிச் சொல்வார்?"

தம்பி செயலாளரைப் பார்த்தான். செயலாளர்தான் பேசினார். என்ன நடக்கிறது என்று அவருக்கு இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னார்.

"உங்க அப்பா வருஷா வருஷம் சங்கத்துல சொல்ற கதைம்மா அது. எங்களுக்கெல்லாம் மனப்பாடம். 'என் பையன் தோள்ல இருந்தான், ஒத்தைச் செருப்போட'ன்னு ஆரம்பிப்பார். அந்தக் கோலை அவர் மாதிரி யாரும் சொன்னதே இல்ல. நாங்களும்தான் பார்த்தோம், எங்களுக்கு அப்படிச் சொல்ல வரலையே."

அவள் மெஷின் ஓரத்துப் படியில் உட்கார்ந்தாள்.

"பையன்னா சொன்னார்?"

"ஆமாம்மா. இவனைப் பக்கத்துல நிறுத்தி வச்சுக்கிட்டுச் சொல்வார். இவன் தலையை நாங்க எல்லாரும் தட்டுவோம்."

"மொதத் தடவை சொல்றப்போ அது நான் இல்லைன்னு எனக்குத் தெரியும்" என்றான் தம்பி. "அப்பாவைப் பார்த்தேன். கண்ணைச் சிமிட்டினார். அப்புறம் நாலஞ்சு வருஷம் கேட்டுக் கேட்டு... எனக்கே தெரியலைக்கா. செருப்பு போனதுகூட ஞாபகம் இருக்கிற மாதிரியே ஆயிடுச்சு."

தம்பிமேல் இருந்த கோபம் அப்படியே இடம் மாறியது. ஆனால் மாறிப்போன இடத்தில் ஆள் இல்லை. அப்பா போய் நாலு வருஷம் ஆகிறது. கடைசி ஆறு மாதம் அவருக்குச் சோறு ஊட்டியது அவள். பேப்பரில் ஆட்டச் செய்தியைப் படித்துக் காட்டியது அவள். ஒரு நாளாவது, ஒரு வார்த்தையாவது சொன்னாரா? அந்த 'டேய்' விளையாட்டு இல்லை. பெண் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தான் என்று கூட்டாளிகள் கேலி செய்யக்கூடாது என்பதற்காக. அன்றைக்கே அவளை அழித்துவிட்டுத்தான் உள்ளே கூட்டிப் போயிருக்கிறார்.

"அவர் அந்தக் கோலைப் பார்க்கவே இல்ல" என்றாள்.

செயலாளர் நிமிர்ந்தார். "யாரு?"

"உங்க கூட்டாளி. தோள்ல நான் இருந்தேன்ல? பயத்துல அவர் நெத்தியைப் பிடிச்சிருந்தேன். மழையில கை வழுக்கி ரெண்டு கண்ணையும் பொத்திட்டேன். 'கையை எடு, கையை எடு'ன்னு கத்திட்டே இருந்தார். எடுக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. வீட்டுக்கு வர்ற வழி பூரா கேட்டார், எப்படி விழுந்துச்சு, எப்படி விழுந்துச்சுன்னு. நாலு தடவை சொன்னேன். நான் சொன்னதைத்தான் உங்ககிட்ட முப்பது வருஷம் சொல்லியிருக்கார்."

தம்பி அங்கிருந்த பேப்பர் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டான்.

"ஏன்க்கா நீ ஒரு நாளும் சொல்லலை?"

"யார்கிட்ட சொல்றது? நீங்க ரெண்டு பேரும்தான் சைக்கிள்ல போயிட்டீங்களே."

அவள் எழுந்தாள். பக்கம் வடிவமைக்கிற கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தவரை எழுப்பிவிட்டு, தானே உட்கார்ந்து தட்டினாள். எழுத்துக் கூட்டித் தட்டுகிற வேகம்தான். அரை மணி நேரம் ஆயிற்று. பொன்னுக்கு வீங்கி, தொப்பி, 'டேய்', செருப்பு, பொத்திய கண், எல்லாவற்றையும் எழுதினாள். ஒன்றுக்கும் சர்க்கரை தடவவில்லை.

செயலாளர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். "எல்லாம் சரிதாம்மா. அந்தக் கடைசி விஷயம் மட்டும் வேண்டாமே. அவர் பார்க்கலைங்கிறது. பெரிய மனுஷன், போய்ச் சேர்ந்துட்டார். சங்கத்துல அவருக்கு ஒரு மரியாதை இருக்கு."

"எனக்கும் இருந்துச்சு சார், இன்னிக்கு மத்தியானம் வரைக்கும். அந்த வரி இல்லைன்னா உங்க மலரை வேற அச்சகத்துல அடிச்சுக்குங்க."

முதலாளி வாயைத் திறந்தார். அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் அந்தப் பக்கத்துக்கு அச்சுப் பிளேட் புதுசாகப் போடச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

"அப்போ நான்?" என்றான் தம்பி. "என் பக்கம்?"

"நீ பார்த்த முதல் ஆட்டம் எதுவோ அதை எழுது."

அவன் வெகுநேரம் பேனாவைக் கடித்தான். கடைசியில் எட்டு வரி எழுதிக் கொடுத்தான். ஆட்டத்தில் கோலே விழவில்லை, அவன் தூங்கிவிட்டான், எழுந்து பார்த்தால் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது, அப்பாவைக் காணோம் என்று ஊளையிட்டு அழுதான், அப்பா பக்கத்து இருக்கையிலேயேதான் இருந்தார். மலர் வந்ததும் எல்லாரும் அதைத்தான் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் எழுதியதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. அப்பாவின் கூட்டாளிகள் இரண்டு பேர் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். போகட்டும் என்றுதான் அவள் இருந்தாள். அப்பா மேல் இருந்த ஆத்திரம் மட்டும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்றும் அவளுக்குத் தோன்றவில்லை.

அந்தச் சனிக்கிழமை தம்பி போன் பண்ணினான். "மேட்ச் இருக்குக்கா. உனக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கட்டுமா?"

"என் டிக்கெட் என்கிட்ட இருக்கு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

போய் உட்கார்ந்தாள். பாதி ஆட்டத்துக்குள் தொண்டை கட்டிவிட்டது. நடுவர் ஒரு தவறைக் கண்டும் காணாமல் விட்டபோது அவள் எழுந்து நின்று போட்ட சத்தத்தில் முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்து இருக்கைக்காரர் மரியாதையாகக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"மைதானத்துக்கு அடிக்கடி வருவீங்களோ?" என்று கேட்டார்.

"இது ரெண்டாவது" என்றாள். "தலையைக் கொஞ்சம் சாய்ச்சுக்குங்க, கார்னர் அடிக்கப் போறாங்க."