மிதமான பாதிப்பு

"இதைக் கேளேன்" என்றார் என் கணவர். சாப்பாட்டு மேசையில் மாணவர்களின் அறிக்கைகளைப் பரப்பி வைத்துத் திருத்திக்கொண்டிருந்தார். எதிர் நாற்காலியில் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். "'இப்பகுதியில் பறவைகள் எதுவும் தென்படவில்லை. தென்பட்டிருந்தாலும் கட்டுமானம் தொடங்கியதும் அவை பறந்துவிடும் என்பதால் பாதிப்பு மிதமானது.'"

"பாவம், பறவைக்கு றெக்கை இருக்கிறது தப்பாப் போச்சு."

"முதுகலைப் படிப்பும்மா இது. முதுகலை!"

"கத்தாதீங்க. பாதிப்பு உங்களுக்குத்தான். அதுவும் மிதமா இருக்காது."

சிரித்தார். சிவப்புப் பேனாவில் மை தீர்ந்துவிட்டது என்று அதை உதறினார். மடித்த துணிகளை உள்ளே கொண்டுபோய் அலமாரியில் வைத்துவிட்டு, வேறொரு பேனாவைத் தேடி எடுத்து வந்தேன். அவர் தலை அந்த அறிக்கையின் மேல் கவிழ்ந்திருந்தது. தூங்குகிறார் என்று நினைத்து, கண்ணாடி நெளிந்துவிடுமே என்று அதைத்தான் முதலில் கழற்றப் போனேன்.

அவர் பாடம் நடத்திய துறைக்குப் பெயர் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு. ஒரு சாலையோ ஆலையோ கட்டுவதற்கு முன்னால், அதனால் மண்ணுக்கும் நீருக்கும் உயிர்களுக்கும் என்ன ஆகும் என்று ஆராய்ந்து எழுதுவது. "கட்டுறதுக்கு முன்னாடி எழுதணும்ங்கிறது புத்தகத்துல இருக்கு. கட்டலாம்னு முடிவு பண்ணினப்புறம் எழுதறதுதான் ஊர் வழக்கம்" என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவார். எனக்கு மருந்துப் பெட்டிகளுக்குள் மடித்து வைக்கும் தாளில் எழுத்துப் பிழை பார்க்கும் வேலை. "ரெண்டு பேருக்கும் ஒரே தொழில்தான். பக்கவிளைவு. உன்னோடதை வாங்குறவன் படிக்கிறதில்லை, என்னோடதை எழுதுறவனே படிக்கிறதில்லை" என்பார்.

துறைக் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு பள்ளம் உண்டு. கோடையில் வெடித்த மண்ணும் காய்ந்த புல்லும்தான். மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும். எங்கிருந்து வருகின்றனவோ, தவளைகள் வரும், அவற்றைத் தின்ன நீண்ட கால் பறவைகள் வரும். பள்ளத்தின் நடுவே ஓர் இரும்புக் கம்பு நட்டு, அதில் தண்ணீர் மட்டத்தைப் பார்க்கக் கோடுகள் வரைந்திருந்தார். ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களைக் கோடையில் ஒருமுறை, மழையில் ஒருமுறை அங்கே கூட்டிப்போவார். "போன தடவை ஒண்ணுமில்லைன்னு எழுதினியே, இப்ப என்ன சொல்றே?" என்று முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு கேட்பார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் பள்ளத்து சார். வீட்டுக்குள் நானும் சில சமயம் அப்படிக் கூப்பிட்டிருக்கிறேன்.

அறிக்கை எதுவானாலும் அதில் ஓர் அத்தியாயம் கட்டாயம் இருக்க வேண்டும்: திட்டமே வேண்டாம் என்று விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பது. எல்லோரும் இரண்டு வரியில் ஒப்பேற்றிவிட்டு நகரும் அத்தியாயம் அது. இவர் திருத்த உட்கார்ந்தால் அதைத்தான் முதலில் புரட்டுவார். "கட்டுறதைப் பத்தி எவன் வேணா எழுதுவான். சும்மா விடுறதைப் பத்தி முழுசா ஒரு பக்கம் எழுதிக் காட்டு, நீ படிச்சவன்னு ஒத்துக்கறேன்."

பருவக் கடைசியில் வகுப்பிலேயே ஒரு பொய்க் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும். ஒருவர் அதிகாரி, ஒருவர் கம்பெனிக்காரர், மீதிப் பேர் பொதுமக்கள். பொதுமக்களாக நடிக்கத்தான் ஆள் கிடைக்காது. "அடுத்த வாரம் அந்த மாதிரி கம்பெனியிலதான் சார் எங்களுக்கு இன்டர்வியூ" என்று நெளிவார்கள். உட்கார்ந்தவர்களும் கம்பெனிக்காரர் பேசி முடித்ததும் கைதட்டிவிடுவார்கள். ஒருநாள் தாங்க முடியாமல் என்னை வரச்சொன்னார். அதிலிருந்து வருஷா வருஷம் அரைநாள் விடுப்பெடுத்துக்கொண்டு போய், முன்வரிசையில் பைக்கட்டோடு உட்கார்ந்து, பொதுமக்களாக இருந்துவிட்டு வருவேன்.

அவருடைய பழைய மாணவர் ஒருவர் இப்போது துறைத்தலைவர். படித்த காலத்தில் அணை என்றாலும் சுரங்கம் என்றாலும் 'பாதிப்பு மிதமானது' என்று மட்டுமே எழுதியதால், என் கணவர் வீட்டில் அவரைச் சொல்வது மிதம் என்றுதான். துக்கத்துக்கு வந்தபோது மிதம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பேரிழப்பும்மா" என்றார். ஒரு விஷயத்தை அவர் மிதம் என்று சொல்லாமல் விட்டது அன்றைக்குத்தான்.

சில மாதம் கழித்து மறுபடி வந்தார். என் நாத்தனாரும் வீட்டில் இருந்தாள்.

"பல்கலைக்கழகத்துல நீடித்த வளர்ச்சிக்குன்னு ஒரு மையம் கட்டறோம்மா. சார் பேரை வைக்கப் போறோம்."

நாத்தனார் அழவே ஆரம்பித்துவிட்டாள். "அண்ணி, அண்ணன் பேரு! கட்டடத்து மேல! எவ்வளவு பெரிய எழுத்துல வைப்பீங்க தம்பி?"

"ரோட்டுல இருந்தே தெரியும்மா."

மறைக்க ஒன்றுமில்லை. அவர் பெயரைப் பெரிய எழுத்தில் பார்க்க எனக்கும் ஆசைதான். தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டுச் சாதாரணமாகத்தான் கேட்டேன்.

"எந்த இடத்துல?"

"டிபார்ட்மென்டுக்குப் பின்னாடி. சும்மா கிடக்குதே, அங்கே."

"பள்ளத்துலயா?"

"பள்ளம்னு சொல்லக் கூடாதும்மா. தாழ்வான நிலப்பகுதி. நிரப்பிடுவோம்." தண்ணீரைக் குடித்தார். "எல்லாம் முறைப்படி மதிப்பீடு பண்ணித்தான். நம்ம மாணவர்களே பண்றாங்க. சாருக்கு இதைவிட என்னம்மா அஞ்சலி வேணும்?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நாத்தனார் என்னை முறைத்தாள். "இதுல யோசிக்க என்ன இருக்கு?"

மரியாதைக்காக அறிக்கையின் ஒரு பிரதியை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். என் தொழில் புத்தி, வரிவரியாகப் படித்தேன். ஆய்வு கோடையில் நடந்திருந்தது. என் கணவர் போனபிறகு பாடத்திட்டத்தை மாற்றி, களப்பணியைக் கோடைக்கு மட்டும் என்று ஆக்கிவிட்டார்கள். மழையில் பிள்ளைகளின் ஷூ நனைந்துபோகிறதாம். 'நீர்நிலை ஏதும் காணப்படவில்லை' என்ற வரிக்கு மேலே ஒரு புகைப்படம். சிரித்துக்கொண்டு நிற்கும் மாணவர்கள், நடுவில் கோடுபோட்ட அந்த இரும்புக் கம்பு, அதில் மாட்டிய முதுகுப்பை.

அடுத்து மதிப்பெண் அட்டவணை. நல்ல விளைவுக்கு பிளஸ், கெட்டதுக்கு மைனஸ் போட்டுக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை மைனஸில் போனால் அனுமதி கிடையாது, எல்லாப் பருவத்திலும் ஆய்வு செய்துவிட்டுத் திரும்ப வரவேண்டும் என்பது பல்கலைக்கழகம் தனக்குத் தானே போட்டுக்கொண்ட விதி. தூசிக்கு மைனஸ் மூன்று. மரத்துக்கு மைனஸ் ஒன்று. பறவைக்கு மைனஸ் ஒன்று. தண்ணீருக்குப் பூஜ்யம், அதுதான் இல்லையே. கடைசி வரி: 'மறைந்த பேராசிரியரின் நினைவைப் போற்றுதல், பிளஸ் எட்டு.' ஆக மொத்தம் பிளஸ் மூன்று.

வாழ்நாளில் யாருக்கும் பத்துக்கு எட்டு மதிப்பெண் போட்டவரல்ல என் கணவர். செத்தபிறகு அவருக்கே எட்டு கிடைத்திருந்தது.

கடைசியாக அவர் முதலில் புரட்டும் அத்தியாயத்துக்குப் போனேன். 'இத்திட்டம் கைவிடப்பட்டால் மறைந்த பேராசிரியருக்கு நினைவுச் சின்னம் இல்லாமல் போகும். எனவே இம்மாற்று ஏற்புடையதன்று.' இரண்டே வரி. எழுத்துப் பிழை மட்டும் இல்லை.

கருத்துக்கேட்புக் கூட்டம் பல்கலைக்கழக அரங்கத்தில். இது நிஜக் கூட்டம், நிஜ அதிகாரி. மேடையில் எனக்கும் நாத்தனாருக்கும் நாற்காலி போட்டிருந்தார்கள். நாத்தனார் பட்டுக்கரை வைத்த புடவையில் மேலே போய் உட்கார்ந்தாள். நான் முன்வரிசையில் பையோடு உட்கார்ந்தேன்.

மிதம் குனிந்து, "அம்மா, உங்க சீட்டு மேலே இருக்கு" என்றார்.

"எனக்கு இந்த சீட்டுதான் பழக்கம்."

பின்னால் அரங்கம் நிறையப் பொதுமக்கள். வந்தால் வருகைப்பதிவு போடுவோம் என்று சொல்லி உட்கார வைத்த மாணவர்கள். அறிக்கையை வாசித்து முடித்ததும் கைதட்டினார்கள்.

யாராவது பேசுகிறீர்களா என்று அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். எழுந்தேன்.

"மழைக்காலத்துல அங்கே தண்ணி நிக்குமே. அறிக்கையில காணோமே?"

"நாங்க பார்க்கும்போது இல்லைம்மா" என்றார் மிதம்.

"நீங்க கோடையில போய்ப் பார்த்தீங்க."

"பாடத்திட்டப்படி கோடையிலதான் போகணும்."

அதிகாரி நிமிர்ந்தார். "பாடத்திட்டம் போட்டது யாரு?"

"துறைத்தலைவர்."

"அவரைக் கூப்பிடுங்க."

"நான்தாங்க அது."

பின்வரிசையில் சிரிப்பு. நான் விடவில்லை. "படத்துல முதுகுப்பை எதுல மாட்டியிருக்கு?"

மிதம் படத்தைக் கண்ணருகில் வைத்துப் பார்த்தார். "கம்பும்மா."

"கோடு எதுக்கு?"

"அழகுக்கா இருக்கும்."

அதே கம்புக்குப் பக்கத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று மட்டம் படித்து, தேர்வில் எழுதித் தேறியவர் அவர்.

"கருத்து பதிவு செய்யப்பட்டது" என்றார் அதிகாரி. அந்தக் கூட்டங்களில் பதிவு செய்வது என்றால் புதைப்பது. வருஷக்கணக்காகப் பொதுமக்களாக இருந்த எனக்கு அது தெரியாதா? அவர் கோப்பை மூடப் போனார். என் கையில் இன்னும் ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. ரோட்டிலிருந்தே தெரியும் என்று சொன்ன அந்தப் பெரிய எழுத்துகளை ஒருமுறை மனதுக்குள் வாசித்துவிட்டுச் சொன்னேன்.

"என் வீட்டுக்காரர் பேரை எடுத்துடுங்க. எனக்குச் சம்மதமில்லை."

"அண்ணி!" மேடை ஒலிவாங்கியில் நாத்தனாரின் குரல் அரங்கம் முழுக்க அலறியது. "என்ன பேசுறீங்க நீங்க?"

"உணர்ச்சிவசப்படாதீங்கம்மா" என்றார் மிதம்.

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றேன். கட்டடம் வேணும்னா கட்டிக்கோங்க. பேரு வேண்டாம்."

அதிகாரி கோப்பைத் திரும்பத் திறந்து அட்டவணையில் விரலை ஓட்டினார். "பேரு இல்லேன்னா இந்த எட்டு போயிடுமே. மைனஸ் அஞ்சுல வந்து நிக்குது."

"சார், அது மிதமான மைனஸ்" என்றார் மிதம்.

"மைனஸ் மைனஸ்தானே? எல்லாப் பருவமும் பார்த்துட்டு வாங்க." அவருக்கு என் பள்ளத்தின் மேல் ஒரு அக்கறையும் இல்லை. கையெழுத்துப் போடாமல் வீட்டுக்குப் போகலாம் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

வரும் வழியெல்லாம் நாத்தனார் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். வீடு நெருங்கும்போது வெடித்தாள். "என் அண்ணனுக்குன்னு ஒண்ணே ஒண்ணு வந்தது. அதையும் தட்டிவிட்டுட்டீங்க. நாளைக்கு அவர் இருந்தார்ங்கிறதுக்கு என்ன இருக்கு, சொல்லுங்க?"

"பள்ளம் இருக்கு."

"பள்ளத்தைக் காட்டி என் பேரன்கிட்ட இதுதான்டா உன் தாத்தான்னு சொல்லவா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது, உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள். இன்னும் என்மேல் கோபம்தான். கோபமாக இருக்கிறேன் என்று சொல்வதற்காகத் தினமும் தொலைபேசியில் கூப்பிடுகிறாள்.

எல்லாப் பருவமும் பார்க்க மிதத்துக்குப் பொறுமை இல்லை. எட்டு மதிப்பெண் தேறும் வேறொரு பெயரைத் தேடிக்கொண்டிருக்கிறார். ஓய்வுபெற்ற மண்ணியல் பேராசிரியர் ஒருவர் இருக்கிறார், வயதானவர், நெஞ்சுவலிக்காரர். போன மாதம் என்னைக் கூப்பிட்டார். "அம்மா, அந்தத் துறைத்தலைவன் அடிக்கடி பழம் வாங்கிட்டு வர்றான். உடம்பு எப்படி இருக்கு, டாக்டர் என்ன சொன்னார்னு துருவித் துருவிக் கேக்கறான். எனக்கென்னமோ இது சரியாப் படலை." விஷயத்தைச் சொன்னேன். இப்போது அவர் காலையிலும் மாலையிலும் நடக்கிறார், உப்பைக் குறைத்துவிட்டார், பழத்தை மட்டும் விடாமல் வாங்கிக்கொள்கிறார்.

பருவக் கடைசிப் பொய்க் கூட்டம் இந்த ஆண்டும் நடந்தது. ஆள் கிடைக்காமல், கூச்சத்தோடு என்னைத்தான் கூப்பிட்டார்கள். போனேன். அறிக்கையில் வேண்டாம் என்ற அத்தியாயம் இரண்டு வரிதான் இருந்தது. முடிந்து வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது. கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன்.

கம்பில், மேலிருந்து மூன்றாவது கோட்டில், தண்ணீர் வழக்கமான இடத்தில் நின்றது.