சமையலறைத் திரையில் ஒரு சர்சி போத்தல்

வசந்தனிடம் படத்தைக் காட்டிக் கருத்துக் கேட்பவர்கள் கொஞ்சம் பயந்துகொண்டுதான் கேட்பார்கள். குட்டுவான். குட்டிய கையாலேயே தடவியும் கொடுப்பான் என்பதால் மறுபடியும் வருவார்கள். பழைய வீடியோ கேம்களின் ரசிகர்கள் கூடும் இணையக் குழு அது. யாரும் தயாரிக்காத விளையாட்டுகளுக்குத் தாங்களே திரைகள் வரைந்து போடுவார்கள். பதினாறு நிறத்தைத் தாண்டக் கூடாது என்பது குழுவின் சட்டம். முதலில் ஒரு நல்லது, பிறகு குறை, குறையோடு அதைத் தீர்க்க ஒரு வழி என்பது வசந்தனின் சட்டம்.

மம்பாவ் ஊரில் அவனுடைய வீட்டில் சிரிப்பு அற்றுப்போய் மூன்று வருஷம் ஆகிறது. தங்கை விமலா, லிங்கிப் பக்கம் ஒரு தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டவள், களைக்கு அடிக்கும் புல்மருந்தைக் குடித்துச் செத்துப்போனாள். அதற்கு முந்தின வாரம்தான் புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தவளை, அம்மா செல்லம்மா புத்தி சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தாள். பிறகென்ன, ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? தானாக உயிரை விட்டவள் என்று கருமாதிகூடச் செய்யவில்லை. விமலாவின் படம் சாமி அறைக்குப் போகாமல் அலமாரியில் துணிக்கு அடியில் கிடந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை 'செம்பனை' என்ற பெயரில் புது ஆள் ஒருவர் போட்ட திரை, தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டுச் சமையலறை ஒன்று. கோட்டையும் டிராகனும் பார்த்துச் சலித்த வசந்தனுக்கு உள்ளம் குளிர்ந்தது. லாபு தோட்டத்தில் அவன் பிறந்த வீடும் இப்படித்தான். எல்லா லயத்து வீடும் ஒரே அச்சுதானே.

சுவரில் படிந்த புகை பிரமாதம் என்று பாராட்டினான். அடுப்பு நெருப்புக்கு இரண்டு நிறமே போதும் என்றான். கடைசியாக எழுதினான்:

“தண்ணிப் பானை பக்கத்துல உள்ள சர்சி போத்தல்தான் இடிக்குது. குறிப்புல புல்மருந்துன்னு போட்டிருக்கீங்க, பார்த்தா குடிக்கிற சர்சி சோடா மாதிரியே இருக்கு. விளையாடுறவன் ஏமாந்து குடிச்சிடுவான் லா. சிவப்புல ஒரு மண்டையோடு போடுங்க.”

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் திருத்திய படம் வந்திருந்தது. நெருப்பில் இரண்டே நிறம். போத்தலில் மண்டையோடு. கீழே எழுதியிருந்தது:

“நீங்க சொன்னது சரிதான். விமலா அப்படித்தான் ஏமாந்துட்டா. போத்தல்ல ஊத்தி வெச்சவன் நான்தான், அவகிட்ட சொல்லாம வேலைக்குப் போயிட்டேன். இப்ப சரியா இருக்கா, மச்சான்?”

தர்மேந்திரன். விமலாவின் புருஷன்.

வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கண்ணில் படாமல் மிச்ச மருந்தைக் காலிப் போத்தலில் ஊற்றிக்கொண்டு வருவது தோட்டத்தில் எல்லாரும் செய்வதுதான். வீட்டைச் சுற்றி அடித்தால் புல் மண்டாது. வசந்தனின் அப்பாவே கொண்டுவந்திருக்கிறார். யாரோ வரைந்த போத்தலைப் பார்த்ததும் உறைத்த புத்தி, கூடப் பிறந்தவள் செத்தபோது எங்கே போயிருந்தது? தன்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அம்மாவிடம் போய் உட்கார்ந்தான்.

“அம்மா, விமலா வேணும்னு குடிக்கலம்மா. மாப்பிள்ளை ஊத்தி வெச்ச மருந்த சர்சின்னு நெனச்சிருக்கா.”

செல்லம்மா அழவில்லை. அவனிடமிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். எழுந்து போய் அலமாரியைத் திறந்து, படத்தை வெளியே எடுத்து, முந்தானையால் துடைத்தாள். சாமி அறை வாசல்வரை கொண்டுபோனவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

“அவனுக்கு அன்னிக்கே தெரியுமாடா?”

“தெரியும்மா.”

அவள் படத்தை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

“நான்தான் எம்மவளக் கொன்னுட்டேன்னு மாரடிச்சேனே, அப்ப அடிக்காதீங்க அத்தைன்னு என் கையப் புடிச்சவன் அவன்தானடா.”