கட்டி இல்லாதவர்களுக்கான வண்டி

அக்டோபர் வந்தால் அமெரிக்காவின் யாக்கிமா பள்ளத்தாக்கில் ஆப்பிள் சிவக்கும். மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம் என்பதால் மற்றதெல்லாம் ரோஸ் நிறமாகிவிடும். பேக்கிங் ஷெட் முதலாளி ரோஸ் டை கட்டுவார். ஆப்பிள் பெட்டிகள் மேல் ரோஸ் ரிப்பன் படம் ஒட்டுவார்கள். ஒட்டுவது எதெல்மிராவின் வேலை. ஒவ்வொரு படத்திலும் ‘சீக்கிரம் கண்டுபிடித்தால் பிழைக்கலாம்’ என்று எழுதியிருக்கும்.

எதெல்மிரா சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டாள். ஜூலை மாதம் குளிக்கும்போது இடது மார்பில் செர்ரிக் கொட்டை அளவில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. மறுநாளே இலவச கிளினிக்குக்குப் போய்ச் சொன்னாள். பிப்ரவரிக்குத் தேதி கொடுத்தார்கள். கண்டுபிடிப்பது அவள் பொறுப்பு, மிச்சத்தைப் பிப்ரவரி பார்த்துக்கொள்ளும் போலிருக்கிறது. இப்போது கட்டி முழுச் செர்ரி ஆகியிருந்தது.

அதனால்தான், மார்பகப் படம் எடுக்கும் ரோஸ் வண்டி பலூன்களைக் கட்டிக்கொண்டு ஷெட் வாசலுக்கே வந்து நின்றபோது, அவளுக்கு மாதாவே இறங்கி வந்ததுபோல் இருந்தது. மதியச் சாப்பாட்டு இடைவேளை அரை மணி நேரம். கொண்டுவந்த சோள மாவுத் தமாலேயைக்கூடப் பிரிக்காமல் ஓடிப்போய் வரிசையில் முதல் ஆளாக நின்றாள்.

வண்டிக்காரி கிரெட்சன் இந்த ஷெட்டுப் பெண்களிடம் பேசுவதற்கென்றே ஸ்பானிஷ் கற்றவள். ரோஸ் தொப்பியும் கண் நிறையக் கருணையுமாக ஃபாரத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“கட்டி ஏதாவது இருக்கா சென்யோரா?”

“இருக்குங்க. இதோ, இங்க. அதுக்குத்தான் வந்தேன்.”

கிரெட்சனின் பேனா நின்றுவிட்டது. “அடடா. அப்போ உங்களை இங்க பார்க்க முடியாதே. இந்த வண்டி ஒண்ணும் இல்லாதவங்களுக்கு.”

“ஒண்ணும் இல்லாதவங்களுக்கு எதுக்குங்க வண்டி?”

“ஏதாவது இருக்கான்னு பார்க்கத்தான்.”

“எனக்குத்தான் இருக்கே!”

“அதனாலதான் பார்க்க முடியாது. கட்டி இருந்தா அது வேற மாதிரி படம். ஆஸ்பத்திரியிலதான் எடுக்கணும். டாக்டர் சீட்டு வேணும்.”

“டாக்டர் பிப்ரவரியிலதான் பார்ப்பாராம்.”

கிரெட்சன் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கினாள். “உங்களை நான் மறக்கவே மாட்டேன்” என்று சொல்லி, ஒரு ரிப்பன், ஒரு பேனா, ஒரு ரோஸ் கேக் அடங்கிய பையைக் கொடுத்து அனுப்பினாள்.

வரிசையின் நடுவில் நின்றிருந்த ஒப்துலியா பையைப் பார்த்ததுமே விஷயத்தைப் புரிந்துகொண்டாள். அவள் எதெல்மிராவின் மகளுக்கு ஞானத்தாய். அந்த உறவில் இருவரும் ஒருவரையொருவர் கொமாத்ரே என்றுதான் கூப்பிடுவார்கள். அதே உறவில்தான் திட்டவும் செய்வார்கள்.

“உன்னை யாருடீ உண்மையைச் சொல்லச் சொன்னது? பாதர்கிட்ட பாவசங்கீர்த்தனமா பண்ணப் போன?”

“கேட்டாங்க, சொன்னேன்.”

“இருபது வருஷமா இந்த நாட்டுல இருக்க. ஃபாரம்னா என்னன்னு இன்னும் தெரியலியே உனக்கு!”

அது நியாயமான கேள்விதான். அந்த ஷெட்டில் பாதிப்பேர் ஞானஸ்நானத்தில் வைத்த பெயரில் வேலை பார்ப்பதில்லை. எதெல்மிராவின் சட்டையில் குத்தியிருந்த அட்டையிலேயே வேறு யாருடைய பெயரோதான் இருந்தது. இந்த நாட்டில் வேலை பார்க்க அனுமதிக் காகிதமும் காப்பீடும் சொந்தப் பெயரில் வைத்திருந்த ஒரு சிலரில் ஒப்துலியாவும் ஒருத்தி.

ஒப்துலியா தன் காப்பீட்டு அட்டையை எடுத்து அவள் கையில் திணித்தாள். “புடி. இப்போலேர்ந்து நீதான் ஒப்துலியா மெந்தியெத்தா. பொறந்தது மார்ச் ஏழு. கட்டின்னா என்னன்னே தெரியாது உனக்கு.”

“அப்போ உனக்கு, கொமாத்ரே? ஒரு அட்டைக்கு வருஷத்துக்கு ஒரு படம்தானே எடுப்பாங்க.”

“எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன். முடிவலைத் தொப்பியையும் சட்டையில இருக்கற அட்டையையும் மட்டும் கழட்டிட்டுப் போ.”

ஒப்துலியாவின் அம்மாவும் அக்காவும் இந்த நோயில்தான் போனார்கள். இந்த வண்டி எப்போது வரும் என்று வருடம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தவள் அவள். எதெல்மிராவுக்கு அது தெரியும். வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. ஆனாலும் அட்டையை வாங்கிக்கொண்டாள்.

இருபதே நிமிடத்தில் தன் முன்னால் மறுபடி வந்து நின்ற முகத்தை கிரெட்சன் அன்பொழுகப் பார்த்தாள். “முதல் தடவையா சென்யோரா? கட்டி ஏதாவது இருக்கா?”

“ஒண்ணுமே இல்லங்க.”

“ரொம்ப நல்லது! உள்ள வாங்க.”

இன்னொரு கேக்கும் கிடைத்தது.

ஒன்பதாம் நாள் ஒப்துலியா வீட்டுக்குக் கடிதம் வந்தது. படத்தில் சந்தேகமாக ஏதோ தெரிகிறது, செவ்வாய்க்கிழமையே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும் என்று எழுதியிருந்தது. அதே மார்பு, அதே கட்டி. எதெல்மிராவின் பெயரில் இருந்தால் பிப்ரவரி. ஒப்துலியாவின் பெயரில் இருந்தால் செவ்வாய். வயிற்றெரிச்சல்தான், வேறென்ன சொல்வது!

மறுநாள் ஷெட்டில் ஒப்துலியா அந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டினாள். எதெல்மிரா அழுதுகொண்டே ஒட்டிய ரிப்பன்களெல்லாம் கோணலாகப் போயின.

“அழாதடீ” என்றாள் ஒப்துலியா. “நோய் என்னோடது. உடம்பு மட்டும்தான் உன்னோடது. எனக்கு வந்ததுக்கு நீ ஏன் அழற?”

செவ்வாயன்று இருவரும் சேர்ந்தே போனார்கள். சன்னலில் இருந்த பெண் அட்டையை வாங்கி எண்ணைத் தட்டினாள். முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் குள்ளமான உடம்பு, கறுப்புத் தலை என்பதற்கு மேல் வித்தியாசம் பார்க்கும் பழக்கம் அங்கே யாருக்கும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் கதவைத் திறந்து கூப்பிட்டாள். “ஒப்துலியா மெந்தியெத்தா!”

இருவரும் எழுந்துவிட்டார்கள்.

நர்ஸ் மாறி மாறிப் பார்த்தாள். “ரெண்டு பேர்ல யாரு?”

ஒப்துலியா மெல்ல நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, “இவதான். நான் கூட வந்தவ” என்றாள்.

நர்ஸ் எதெல்மிராவின் தோளில் கை வைத்து உள்ளே அனுப்பினாள். பிறகு, கடமை தவறாதவள் ஆகையால், ரோஸ் நிறத் துண்டுச்சீட்டு ஒன்றை ஒப்துலியாவிடம் நீட்டினாள். “நீங்க இந்த வருஷம் படம் எடுத்தாச்சா சென்யோரா?”

“எடுத்தாச்சும்மா” என்றாள் ஒப்துலியா. “உங்க கம்ப்யூட்டர்லயே இருக்கு, பாருங்க.”