ஜப்பான் கதிரவேல்

மாசி மாதத்து ஒரு காலையில் கதிரவேல் கிணற்றடியில் முகம் கழுவக் குனிந்தபோது, வாளித் தண்ணீரில் தெரிந்த முகம் தன்னுடையதாக இல்லை. மேலிமைகள் இரண்டும் உப்பிக் கண்ணை மூடிக்கொண்டிருந்தன. கண் இருந்த இடத்தில் இரண்டு கீறல்கள் மட்டுமே தெரிந்தன. தொட்டுப் பார்த்தான். நோகவில்லை, அரிக்கவுமில்லை. ஈர மாவைத் தொட்டதுபோல விரல் அமிழ்ந்தது.

"குளவி ஏதும் குத்தினதோ?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள் அவன் மனைவி வள்ளிநாயகி.

"குத்தினா எனக்குத் தெரியாதே?"

"அப்ப அந்தத் துருத்தூள்தான்."

பாலையூற்றிலிருந்து விடியுமுன்பே நடந்து, துறைமுகத்தில் கப்பல்களின் வயிற்றிலிருந்து துருவைச் சுரண்டுவதுதான் அவனுக்கு வேலை. பன்னிரண்டு பேருக்குத் தம்பு கங்காணி. அன்று மத்தியானத்துக்குள் வீக்கம் பாதி இறங்கிவிட்டது. மறுநாள் காலையில் திரும்பவும் வந்தது. வள்ளிநாயகி தேயிலைச் சக்கையைத் துணியில் பொதிந்து கண்மேல் வைத்தாள். நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்து விட்டாள். உப்பை வறுத்து ஒத்தடம் கொடுத்தாள். தலைக்கு உயரமாகச் சாக்கு மடித்துப் போட்டாள். எதைச் செய்தாலும் பகலில் கொஞ்சம் வடிந்தது, விடியும்போது ஏறியது.

அந்த வாரந்தான் சிங்கப்பூர் ஜப்பான்காரர் கையில் விழுந்த செய்தி வந்திருந்தது. மாலுமிகளின் சாப்பாட்டுக் கொட்டகைச் சுவரில் ஜப்பான்காரன் ஒருவனின் படத்தை ஒட்டியிருந்தார்கள். மூக்குக்கண்ணாடி, நீண்ட பற்கள், கீறல் கண்கள், கையில் இரத்தம் சொட்டும் கத்தி. தம்பு அந்தப் படத்தைப் பார்த்தான், கதிரவேலைப் பார்த்தான், பிறகு அவன் தோளைப் பிடித்துக் கொட்டகைக்குள்ளே தள்ளிக்கொண்டு போனான்.

"சேர், ஜப்பான்! ஜப்பான் பிடிச்சிட்டம்!"

சாப்பிட்டுக்கொண்டிருந்த வெள்ளைக்காரர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.  பிறகு கொட்டகை அதிரச் சிரித்தார்கள். அங்கே சமைக்கும் செம்பட்டைத் தலைக் குசினிக்காரன் ஒருவன் சிரித்துச் சிரித்து மேசையில் கையைக் குத்தினான். விரலைத் துப்பாக்கியாக நீட்டி, "பாங்!" என்றான். கதிரவேலுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தம்பு பின்னாலிருந்து, "விழுடா" என்றான். விழுந்தான். குசினிக்காரன் உள்ளே போய்த் தகரத்தில் அடைத்த ஒரு ரின் கட்டிப்பாலைக் கொண்டுவந்து அவன் கையில் வைத்தான்.

அடுத்த கிழமை கால்களும் கனக்கத் தொடங்கியபோது வள்ளிநாயகி அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். வைத்தியம் பார்க்கும் அப்போதிக்கரி கண்ணைப் பார்க்கவேயில்லை. கணுக்காலை விரலால் அமுக்கினார். மூத்திரத்தைக் கண்ணாடிக் குழாயில் விட்டு விளக்கில் பிடித்தார். அது முட்டை வெண்கருவைப்போல வெளுத்துத் திரண்டது.

"கண்ணிலை ஒண்டுமில்லை. மூத்திரம் பிரிக்கிற குண்டிக்காய் பழுதாகுது. படுத்திருக்கேக்கை நீர் முகத்துக்கு ஏறும், நடக்கேக்கை காலுக்கு இறங்கும். உப்பை அடியோடை விடவேணும். கருவாட்டை மணந்தும் பாராதை. ஆறு கிழமை படுத்திரு. பாலைக் குடி."

"பாலுக்கு எங்கை ஐயா போறது? பசுப்பால் முழுக்க வெள்ளைக்காரன்ரை முகாமுக்கெல்லோ போகுது" என்றாள் வள்ளிநாயகி.

அவர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

ஆறு வாரம் படுத்தால் கங்காணி வேறு ஆளைப் போட்டுவிடுவான். ஆனால் பால் கிடைக்கும் இடம் கதிரவேலுக்குத் தெரிந்திருந்தது. செவ்வாயும் சனியும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கொட்டகைக்குப் போனான். இடுப்பை வளைத்துக் கும்பிட்டான். வாயில் வந்ததை ஜப்பானிய மொழியாக்கிக் கத்தினான். விரலால் சுட்டதும் உடனே விழாமல் இரண்டு சுற்றுத் தள்ளாடி விழுந்தால் அதிகம் சிரிக்கிறார்கள் என்பதைக் கண்டுகொண்டான். விழுந்த பிறகு ஒற்றைக் காலை உதறினால் இன்னும் சிரித்தார்கள். வீட்டுக்குப் போகும் வழியில் அவனையறியாமலே அடுத்த முறைக்கு என்ன செய்யலாம் என்று யோசித்தான். அது அவனுக்கே வெட்கமாக இருந்தது, ஆனாலும் யோசித்தான்.

அவனோடு துருச் சுரண்டும் கிண்ணியா மஹ்ரூப்தான் ஒருநாள் கேட்டான். "இது என்னத்துக்கு மச்சான்? மனிசன் செய்யிற வேலையா இது?"

"உன்ரை குண்டிக்காயோ பழுதாய்ப் போனது?"

மஹ்ரூப் கூரான துருச் சுத்தியலை எடுத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினான்.

வள்ளிநாயகிக்கு விஷயம் தெருவால் வந்தது. தண்ணீர் அள்ளப் போன இடத்தில் ஒருத்தி, "ஜப்பான்காரன்ரை பெண்சாதி" என்றாள். அன்று அவன் நீட்டிய ரின்னை அவள் வாங்கவில்லை.

"செத்துக் காட்டி வாங்கின பாலோ?"

"குடிக்காட்டி உண்மையாவே சாகவேணும்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு, அவன் படுத்ததும், ரின்னைத் துளைத்துப் பாலைக் கரைத்துக் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்தாள். கையில் கொடுக்கவில்லை.

உப்பில்லாச் சோறும் பாலுமாக மூன்று கிழமை போனது. வீக்கம் இறங்கியது. கன்னத்து எலும்பு தெரிந்தது. கண்கள் அவனுடைய பழைய கண்களாக, பெரிதாக, கொஞ்சம் பயந்தவை போல வெளியே வந்தன. அந்தச் சனிக்கிழமை அவன் எத்தனை தள்ளாடி விழுந்தும் எவரும் சிரிக்கவில்லை. குசினிக்காரன் அவன் தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தான். ரின் கிடைக்கவில்லை. தம்புவுக்கு வழக்கமாகக் கிடைக்கும் சிகரெட் பெட்டியும் கிடைக்கவில்லை.

"உனக்கு உப்புத்தானே கூடாது?" என்றான் தம்பு, வெளியே வந்ததும். "முதல் நாள் நல்லாக் கருவாடு தின். காலமை வீங்கும். பாலை வாங்கு, குடி, வத்தும். பிறகென்ன?"

கதிரவேல் அவனை உற்றுப் பார்த்தான். தம்பு பகிடி விடவில்லை. திங்கட்கிழமை வேலை முடிந்ததும் தம்புவின் வீட்டிலேயே சுட்ட கருவாடு தயாராக இருந்தது. செவ்வாய்க்கிழமை கொட்டகை பழையபடி சிரித்தது.

அதன்பிறகு அவன் முகம் கிழமைக்கு இரண்டு தரம் ஏறி இறங்கியது. ஆனால் ஒவ்வொரு தரமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்காமல் நின்றது. மூத்திரம் தேயிலைச் சாயத்தின் நிறத்தில் போனது. அதை வள்ளிநாயகிக்கு அவன் சொல்லவில்லை.

சித்திரை வருடப்பிறப்புக்கு நாலு நாள் இருக்கும்போது, காலை ஏழரை மணிக்கு ஜப்பான் விமானங்களின் குண்டு துறைமுகத்தில் விழுந்தது.

ஊர் முழுவதும் கண்டி வீதியில் ஓடியது. கதிரவேலும் வள்ளிநாயகியும் ஒரு பானையும் ஒரு பாயுமாகக் கப்பல்துறைக் கிராமத்துக்கும் அங்காலே, காட்டோரம் ஒரு மரத்தடியில் போய் இருந்தார்கள். சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கி ஒன்று எரிந்துகொண்டிருந்தது. பகல் முழுக்க வானத்தில் பாதி கறுப்பாக இருந்தது. தின்ன அவர்களிடம் இருந்தது கொஞ்ச அரிசியும், ஓடும் வழியில் ஒரு மனிதர் இரங்கிக் கொடுத்த கருவாடும்தான். இரண்டாம் நாள் கதிரவேலின் கண் திறக்கவில்லை. மூன்றாம் நாள் வயிறும் உப்பியது. விடியற்காலை முதல் மூத்திரம் போகவில்லை. மூச்சு வாங்கியது.

அன்று வேலைக்கு ஆள் ஏற்ற ஒரு லொறி வந்தது. முன்னால் தம்பு இருந்தான், பின்னால் மஹ்ரூப்பும் இன்னும் நாலைந்து பேரும். வள்ளிநாயகி லொறியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

"எழும்புங்கோ. போய்ப் பாலைக் கேளுங்கோ."

"இப்பவோ? எத்தினை பேர் செத்துக் கிடக்கினம், வள்ளி. இப்ப ஏலாது."

"அவங்களுக்கு உங்களைத் தெரியும்தானே. ஆடச் சொன்னா ஆடுங்கோ. விழச் சொன்னா விழுங்கோ." அவள் அவன் தோளுக்குக் கீழ் கை கொடுத்தாள். "நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

அவனைத் தூக்கி ஏற்றித் தானும் ஏறினாள். முகாம் வாசற் படலையில் காவற்காரன் அவளை மறித்து வெளியே நிறுத்தினான்.

கொட்டகைக்குக் கூரை இல்லை. படம் ஒட்டிய சுவரும் இல்லை. வெளியே, இடிபாட்டிலிருந்து எடுத்துப் பாயால் மூடி வரிசையாகக் கிடத்தியிருந்தவர்களின் பாதங்கள் மட்டும் வெயிலில் தெரிந்தன. செம்பட்டைத் தலைக் குசினிக்காரன் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தான். அவனுடைய ஒரு கை கட்டுப் போட்டுத் தொங்கியது. அவன் நிமிர்ந்து கதிரவேலின் முகத்தைப் பார்த்தான்.

"மில்க், சேர்" என்றான் கதிரவேல்.

 இன்னும் சில மாலுமிகள் வந்து சுற்றி நின்றார்கள். அவர்கள் எல்லோரும் கதிரவேலின் வீங்கிய முகத்தையே பார்த்தார்கள். வேறொன்றும் தோன்றாமல் இடுப்பை வளைத்துக் கும்பிட்டான். எவரும் சுடவில்லை. தானாகவே தள்ளாடி விழுந்தான். பழக்கத்தில் ஒற்றைக் கால் உதறியது.

எவரும் சிரிக்கவில்லை. குசினிக்காரன் எழுந்து வந்து, இரண்டு சொல் சொன்னான்.

"எழும்பட்டாம்" என்றான் தம்பு. "இன்னொருக்காச் செய்யட்டாம்."

செய்தான். திரும்பவும் எழும்பச் சொன்னார்கள். திரும்பவும் செய்தான். ஐந்தாறு தரத்துக்குப் பிறகு தம்பு மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டான், தேவையும் இருக்கவில்லை. ஒரு மாலுமி சப்பாத்துக் காலால் விலாவில் தட்டினால் எழும்ப வேண்டும் என்று கதிரவேலுக்கு விளங்கியது. மஹ்ரூப் பத்தடி தள்ளி நின்றான். ஒரு தரம் முன்னே ஓரடி வைத்தான். துப்பாக்கி ஒன்று அவன் பக்கம் திரும்பியது. அவன் தன் கையிலிருந்த துருச் சுத்தியலைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றான். அதற்குப் பிறகு தலையை நிமிர்த்தவேயில்லை.

கடைசியில் சப்பாத்து எத்தனை தரம் தட்டியும் கதிரவேல் எழும்பவில்லை. மாலுமிகள் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். குசினிக்காரன் மட்டும் நின்றான். பிறகு இடிந்த கொட்டகைக்குள் போனான். சாமான்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. ஒரு ரின் பாலைக் கொண்டுவந்து, ஏறி இறங்கிக்கொண்டிருந்த அந்த நெஞ்சின் மேல் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனான்.

மஹ்ரூப்பும் தம்புவும் அவனைத் தூக்கிக்கொண்டுவந்து படலைக்கு வெளியே மதிலோரம் கிடத்தினார்கள். வள்ளிநாயகி அவன் பக்கத்தில் குந்தினாள். மஹ்ரூப் ரின்னை எடுத்துச் சுத்தியலின் கூரால் இரண்டு ஓட்டை போட்டான். முதல் குத்து வழுக்கியது.

"தண்ணி எங்கை?" என்றாள் அவள்.

தம்பு ஓடிப்போய் ஒரு சிரட்டையில் தண்ணீர் கொண்டுவந்தான். அவள் பாலைக் கரைத்தாள். கதிரவேலின் தலையை மடியில் தூக்கி வைத்தாள். சிரட்டையை அவன் உதட்டுக்குக் கொண்டுபோகும்போது சீனன்குடாப் பக்கமிருந்து காற்று அடித்தது. எண்ணெய்க் கரி ஒன்று வந்து பாலில் விழுந்தது. சுண்டுவிரலால் அதை எடுத்துப் போட்டாள். அதற்குள் இன்னொன்று விழுந்தது. அதையும் எடுத்தாள். சிரட்டைக்கு மேல் முந்தானையைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். அவள் தலைமயிரிலும், அவனுடைய மூடிய இமைகளிலும், தெருவிலும் கரி விழுந்துகொண்டேயிருந்தது.