அப்பன்மார் பள்ளிக்கு வந்த ஞாயிறு

என் வீட்டுக்காரருக்கு ஒரு யோசனை வந்துவிட்டால் சோறு இறங்காது. பள்ளிக்கூடம் பிள்ளைகளோடு நின்றுவிடக் கூடாது, தாய் தகப்பனும் உள்ளே வரவேண்டும் என்று ஈப்போவில் நடந்த வாத்தியார்மார் கூட்டத்தில் யாரோ பேசியிருக்கிறார்கள். மற்றவர்கள் அதைக் கேட்டுவிட்டு, காப்பியைக் குடித்துவிட்டு, வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள். என் வீட்டுக்காரர் ஆம்புரோஸ் வாத்தியார் மட்டும் அதை மடியில் முடிந்துகொண்டு, சிம்பாங் பூலாய்க்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு வந்தார்.

பள்ளிக்கூடம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். அத்தாப்பு ஓலைக் கூரை, மண் தரை, ஒரு கரும்பலகை. தோட்டத்துக்குத் தோட்டம் பள்ளிக்கூடம் வேண்டும் என்று புதுச் சட்டம் வந்த பிறகு தோட்டத்து வெள்ளைக்காரத் துரை வேண்டாவெறுப்பாகப் போட்டுக் கொடுத்தது. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகளில் பாதி வரும். கொஞ்சம் வளர்ந்துவிட்டால் அதுவும் நின்றுவிடும். பெரட்டில் பேர் விழுந்துவிடும். விடியுமுன் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவதுதான் பெரட்டு. அங்கே பேர் விழுந்த பிள்ளை மறுபடி சிலேட்டைத் தொட்டதை நான் பார்த்ததே இல்லை.

"ஒரு மாசம் அம்மாமாரு, மறு மாசம் அப்பன்மாரு. இப்படி வச்சுக்கலாம் நவமணி" என்றார். "நான் பேசி அவங்க கேக்குறதுக்கு இல்ல. அவங்களே புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கட்டும். யாருக்கு எது தெரியுதோ அது."

"ஞாயித்துக்கிழமையா? அப்போ மாதா கோயில் பூசைக்கு யாரு போறது?"

"ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டாரு."

அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்தான். நான் கோபித்துக்கொண்டேன். இருந்தாலும் அம்மாமார் வந்த அன்றைக்குக் காப்பி போட்டது நான்தான். வந்தவர்கள் முதலில் வாசலைத் தாண்டவே மாட்டேன் என்றார்கள். ஒவ்வொருத்தியாகக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். ஒருத்தி பாய் முடையக் காட்டினாள். ஒருத்தி தாலாட்டு ஒன்றை ஆரம்பித்து, செத்துப்போன பிள்ளையின் நினைப்பு வந்து பாதியில் அழுதுவிட்டாள். போகும்போது எல்லோரும் தங்கள் பிள்ளைகளின் சிலேட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். அடுத்த வாரம் பள்ளிக்கூடத்தில் உட்கார இடமில்லை. வாத்தியாருக்குத் தலைகால் புரியவில்லை.

அப்பன்மார் நாளுக்கு அவர் முதலில் போய் நின்றது அப்பாவு வீட்டில். தோட்டத்தில் அவனைப் போல் பால் வெட்ட ஆள் கிடையாது. மரத்துக்குக் காயமே படாது. ஆனால் அவன் தன் மகள் வீரம்மாவைப் பால் வெட்டுகிற தீம்பார் பக்கம் விட்டதில்லை. மற்றப் பிள்ளைகள் பால் எடுக்க, பால் வடிகிற மங்கு துடைக்க என்று பெற்றவர்கள் பின்னால் ரப்பர் மரங்களுக்குள் ஓடும்போது, அவளுக்கு மட்டும் பள்ளிக்கூடம், வீடு, மறுபடி பள்ளிக்கூடம். அவன் பெண்சாதி ராக்காயி அந்த மரங்களுக்கு நடுவில்தான் காய்ச்சலோடு விழுந்தாள். பத்து காஜா டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. அதற்குப் பிறகு அவனுக்கு இருந்தது ஒரே ஆசை, மகள் கையில் பால்வெட்டுக் கத்தி படக்கூடாது. ஈப்போவில் இருக்கும் என் அக்கா ரோசரி, வருகிற தைக்குப் பிறகு வீரம்மாவைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டு படிக்க அனுப்புவதாகச் சொல்லியிருந்தாள். அந்தப் பேச்சு வந்தாலே அப்பாவு எழுந்து நின்று கும்பிடுவான். எனக்குச் சங்கடமாக இருக்கும்.

"பால்வெட்டைப் போயி பள்ளிக்கூடத்துல காட்டுறதாங்கய்யா?" என்றான் அப்பாவு. "அது வேணாம்னுதானே புள்ளைய உங்க கிட்ட அனுப்புறேன்."

"தகப்பன் செய்யிற வேலை என்னான்னு புள்ளைங்களுக்குத் தெரியணும் அப்பாவு. தெரிஞ்சாத்தான் மதிப்பு வரும்."

இரண்டு முறை மாட்டேன் என்றவன், மூன்றாம் முறை வாத்தியார் முகத்துக்காக ஒத்துக்கொண்டான். "எம்மவ கையில மட்டும் கத்தி குடுத்துறாதீங்க" என்றான். வாத்தியார் வாக்குக் கொடுத்தார்.

அந்த ஞாயிறு வெயில் ஏறுமுன்னே அப்பன்மார் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி வந்துவிட்டார்கள். நாங்கள் அழைக்காத இரண்டு பேரும் வந்தார்கள்: துரையும், ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி மயில்வாகனமும். துரைக்கு நாற்காலி போட்டோம். அப்பன்மார் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அதற்குப் பிறகு உட்காரவே இல்லை.

பள்ளிக்கூடத்து முற்றத்து மூலையில் வெட்டித் தள்ளப்போகிற கிழட்டு மரம் ஒன்று இருந்தது. அப்பாவு அதன்முன் குனிந்து, கத்தியால் பட்டையில் ஒரு கோடு ஒரே இழுப்பாக இழுத்தான். சீவிய பட்டை இழையாக விழுந்தது, பின்னாலேயே பால் கசிந்து மங்குக்கு இறங்கியது. பிள்ளைகள் மூச்சுவிடவில்லை.

"பாத்துக்குங்க" என்றார் வாத்தியார். "உலகத்துல ஓடுற ஒவ்வொரு மோட்டார் வண்டியும் இந்தக் கையிலேருந்துதான் ஓடுது. உங்க அப்பன்மாரு செய்யிறது சின்ன வேலை இல்ல. பெரிய வேலை."

பிள்ளைகள் கைதட்டினார்கள். அப்பாவு சிரித்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். வீரம்மா சிரிக்கவில்லை. அப்பனையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஊரிலிருந்து யாரோ பெரிய மனிதர் வந்துவிட்டதைப் போல.

துரைக்கு உற்சாகம் வந்துவிட்டது. பிள்ளைகளும் வெட்டிப் பார்க்கட்டும் என்றார். இரண்டு பையன்கள் போய் மரத்தைக் கொத்தி வைத்தார்கள். எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடிக்குமுன் வீரம்மா போய்க் கத்தியை வாங்கிவிட்டாள்.

"வேணாம்மா, நீ வா" என்று வாத்தியார் எழுந்தார். துரை கையைக் காட்டி அவரை உட்கார வைத்தார்.

ஒரு தரம் பார்த்தால் போதும், அப்படியே செய்துவிடுவாள் என்று அந்தப் பெண்ணை வாத்தியார் எத்தனையோ தடவை மெச்சியிருக்கிறார். அதைத்தான் அவள் அங்கேயும் செய்தாள். அப்பன் குனிந்த மாதிரியே குனிந்து, அப்பன் இழுத்த மாதிரியே இழுத்தாள். பட்டை இழையாக விழுந்தது. பால் தடுமாறாமல் இறங்கியது.

"நல்ல கை துரை" என்றார் கிராணி, தன் ஊர்த் தமிழில். "இந்தப் பிள்ளையைச் சும்மா வச்சிருக்கினம்."

"பாகுஸ், பாகுஸ்" என்று மலாயில் மெச்சிக்கொண்டே துரை எழுந்து மரத்தைப் பார்க்க வந்தார். அவர் வந்து சேருமுன் அப்பாவு முந்திக்கொண்டான். மகள் கையிலிருந்த கத்தியைப் பிடுங்கி, மரத்தை முதுகால் மறைத்துக்கொண்டு, அவள் போட்ட கோட்டின் மேலேயே அழுத்தி இழுத்தான். பட்டை கிழிந்து உள்மரம் வெள்ளையாகத் தெரிந்தது.

"கத்திய உள்மரத்துல இறக்கிப்புட்டா துரை" என்றான், துரையைப் பார்க்காமல். "இவளுக்கு ஒண்ணும் வராதுங்க. தொட்டதெல்லாம் நாசந்தான்."

துரை குனிந்து காயத்தைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். போய்விட்டார். கிராணியும் பின்னாலேயே போனார். கத்தி போன போக்கை, பக்கத்தில் காப்பித் தட்டோடு நின்ற நான் பார்த்தேன். வீரம்மாவும் பார்த்தாள். அவள் முகத்தை அதற்குமேல் என்னால் பார்க்க முடியவில்லை.

மறுநாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. சாயங்காலம் நாங்கள் இரண்டு பேரும் லயத்துக்குப் போனோம். அப்பாவு சுவரோரம் குந்தியிருந்தான். அவள் அடுப்படியில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"பேசவே மாட்டேங்குறா வாத்தியாரம்மா" என்றான் என்னிடம். "எல்லாத்தையும் சொல்லிட்டேன். நீ நல்லாத்தான் வெட்டுன, நாந்தான் கெடுத்தேன்னு கால்ல விழாத குறையாச் சொல்லிட்டேன்."

"உங்கப்பா உன் நல்லதுக்குத்தான் அப்படிச் செஞ்சாரு, தாயி" என்றேன். "தொரை கண்ணுல பட்டா மறுநாளே பெரட்டுல பேரு விழுந்துரும். நீ ஈப்போ போகணும்லா, படிக்கணும்லா."

அவள் திரும்பினாள். அழுதிருக்கவில்லை. வாத்தியாரைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்பா வேலை பெரிய வேலைன்னு சொன்னீங்கல்ல. எல்லாரும் கை தட்டுனாங்க. அது மாதிரி நானும் செஞ்சேன். செய்யக்கூடாதுன்னா அது கேவலமான வேலையா? அன்னிக்கு நீங்க சொன்னது பொய்யா?"

பொய் என்று சொன்னால் அவள் பள்ளிக்கு வருவாள், ஈப்போவுக்குப் போவாள். ஆனால் அதை அந்த மனிதன் உட்கார்ந்திருக்கும்போது, அவன் வீட்டுக்குள் நின்றுகொண்டு, அவன் பெற்ற பெண்ணிடம் சொல்ல வேண்டும்.

"சொல்லிருங்கய்யா" என்றான் அப்பாவு. "பொய்னு சொல்லிருங்க."

என் வீட்டுக்காரர் அவனைப் பார்த்தார்.

"பொய் இல்லம்மா" என்றார்.

அவ்வளவுதான். "அப்போ நானும் அந்த வேலைக்கே போறேன்" என்று வீரம்மா தலையை ஆட்டிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டாள். வழியெல்லாம் நான் அவரை ஏசிக்கொண்டே வந்தேன். ஒரு பொய், ஒரே ஒரு பொய் சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லையா, பிள்ளையின் வாழ்க்கையே போய்விட்டதே என்று. வீட்டுக்கு வந்த பிறகுதான் அவர் அழுகிறார் என்று தெரிந்தது. அவர் இடத்தில் நான் இருந்தால் சொல்லியிருப்பேனா? எனக்கும் வாய் வந்திருக்காது. அந்த ஆத்திரத்தைத்தான் அவர் மேல் காட்டினேன்.

ஈப்போவுக்கு அக்காவிடம் ஆள் விட்டுச் சொல்லிவிட்டேன், பெண் வரமாட்டாள் என்று.

அடுத்த திங்கட்கிழமை விடியுமுன் பெரட்டில் வீரம்மா தானாகவே போய்ப் பேர் கொடுத்து நின்றாளாம். கிராணி பேர் கூப்பிட்டதும், வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கணீரென்று குரல் கொடுத்தாளாம். அடுத்து அப்பாவு பேர். அவனைத்தான் இரண்டு தரம் கூப்பிட வேண்டியிருந்ததாம்.